ஆரத்திப் பொம்மையின் தலை

அன்று மதியம் ஒட்டு மேசையைச் சுற்றி இருந்தவர்கள் இவர்கள்.

நான். பொம்மைகளுக்குத் தலை ஒட்டுகிறவள். ஐந்தாவது வரை படித்தேன்.

என் நாத்தனார். அச்சில் மண்கூழ் ஊற்றுகிறவள். வீட்டிலும் அவள் முகம்தான், வேலையிலும் அவள் முகம்தான்.

மங்கலம்பேட்டை அக்கா. வர்ணம் தீட்டுகிறவர். என்னைவிட மூன்று வயது மூத்தவர். வீட்டுக்காரர் பத்தொன்பது வருடமாகக் குவைத்தில் இருக்கிறார்.

நல்லூர்ப் பெண். பிசிறு துடைக்கிறவள். பன்னிரண்டாவது முடித்தவள். காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ்.

மேஸ்திரி. கதவோரம் ஸ்டூலில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். தூங்கவில்லை.

இன்னும் ஒருத்தி மேசைமேல் நின்றாள். ஒரு சாண் உயரம். சேலை. கொண்டை. கையில் ஆரத்தித் தட்டு. தலை குனிந்திருக்கும். கண் தட்டைப் பார்க்கும்.

பேச்சு அவளைப் பற்றித்தான்.

பாண்டிச்சேரியில் ஒரு கடை கொலுவுக்குப் புது செட் கேட்டிருந்தது. நிலாப் பயணம் என்று பெயர். ஒரு ராக்கெட். விண்வெளி உடுப்பு போட்ட நான்கு ஆண்கள். அவர்களை வழியனுப்ப ஆரத்தி எடுக்கும் ஒரு பெண். மொத்தம் நாற்பது செட். மாதிரிக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்து முதலாளி அச்சு செய்துவிட்டார்.

எங்கள் வேலை பெரிய வித்தை இல்லை. பிளாஸ்டர் அச்சில் மண்கூழை ஊற்ற வேண்டும். அச்சு தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஓரத்தில் தோல்போல மண் பிடிக்கும். மீதிக் கூழைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே வெற்றிடம். தலை தனியாக வரும், உடம்பு தனியாக வரும். காய்ந்தும் காயாமலும் இருக்கும்போது கூழ் தொட்டு நான் ஒட்டுவேன். பிறகு பிசிறு துடைப்பு. பிறகு சூளை. பிறகு வர்ணம்.

தலை ஒட்டும் மேசைக்கு நான் வந்து பதினோரு வருடம். அதற்கு முன் பலகை தூக்கினேன். ஈரப் பொம்மைகளை வரிசையாக வைத்த பலகையைத் தோளில் வைத்துச் சூளை வரை நடக்க வேண்டும். முட்டி போனது அதில்தான். மேசை கிடைத்த பிறகுதான் உட்கார்ந்து வேலை செய்கிறேன்.

சாப்பாட்டு நேரத்தில் நல்லூர்ப் பெண் போனில் கதை படிப்பாள். சத்தமாகப் படிப்பாள். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டே கேட்போம். அவளுக்குப் பிடித்தது வேற்று கிரகக் கதைகள், மந்திரக் கதைகள். யார் யாரோ எழுதிப் போடுகிறார்கள். இலவசம்தான்.

முதலில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு மாதம் போனதும் பிடிபட்டது.

ஒரு கதையில் ஒரு விஞ்ஞானி இயந்திரத்தில் பெண் செய்தார். அவள் சமைப்பாள். தூங்க மாட்டாள். மூப்பு கிடையாது. எதிர்த்துப் பேச மாட்டாள். கடைசியில் அவர் சுவிட்சை அணைத்து அவளை நிறுத்திவிட்டு அழுதார்.

"அழுவறதெல்லாம் சரி" என்றாள் நாத்தனார். "அன்னிக்கு ராத்திரி பாத்திரத்த யாரு கழுவுனது?"

இன்னொரு கதையில் ஒரு மந்திர நாட்டு ராணி. அவள் சக்தி எல்லாம் அவள் முடியில். எதிரி முடியை வெட்டினான். அவள் சுருண்டு விழுந்தாள். பிறகு கதாநாயகன் வந்து நாட்டை மீட்டான்.

மூன்றாவது கதை செவ்வாய்க்குப் போவது. இரண்டாம் பக்கத்திலேயே மனைவி செத்துவிடுகிறாள். அந்தத் துக்கத்தில் அவன் ராக்கெட் ஏறுகிறான்.

மங்கலம்பேட்டை அக்கா டிபன் மூடியைத் திருகி மூடினார்.

"பொண்டாட்டி செத்தாதான் பூமிய வுட்டுப் போவானா இவன்? எங்க ஆளு நான் உசுரோட இருக்கும்போதே போயிட்டாரு."

சிரித்துச் சிரித்து நல்லூர்ப் பெண்ணுக்குப் புரை ஏறியது.

நான் அவளைக் கேட்டேன்.

"இந்தக் கதைல எல்லாம் வர்ற பொம்பளைங்களுக்கு வயசு என்னா?"

"இருவது இருக்கும்க்கா. இருவத்தொண்ணு."

"அப்புறம்?"

"சூனியக்காரக் கெழவிங்க இருப்பாங்க. அதுங்களுக்கு முந்நூறு, நானூறு."

"நடுவுல?"

அவள் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"நடுவுல யாரும் இல்லக்கா."

எனக்கு நாற்பத்தாறு.

சின்ன வயதில் நான் பார்த்த மாயாஜாலப் படங்களும் அப்படித்தான். இளவரசியைக் கல்லாக்குவார்கள். கிளியாக்குவார்கள். படம் முடிகிற வரை அவள் கல். கடைசியில் எழுந்து மாலை போடுவாள். தானாக ஏதாவது செய்யத் தெரிந்த பெண் ஒருத்திதான் இருப்பாள். அவளுக்குப் பல் நீளம். அவளைக் கொன்றால்தான் படம் முடியும். அப்போது எனக்கு அது தப்பாகத் தெரியவில்லை. சூனியக்காரி நன்றாகப் பறந்தாள் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டுதான் அன்று அந்த ஆரத்திப் பொம்மையை மேசைமேல் வைத்திருந்தேன்.

"இவ ஏன் போவக் கூடாது?" என்றேன்.

"எங்க?" என்றாள் நாத்தனார்.

"நிலாவுக்கு."

கதவோரத்திலிருந்து மேஸ்திரி கண்ணைத் திறக்காமல் சொன்னார். "சேலையக் கட்டிக்கிட்டு ராக்கெட்டுல ஏறுவாளா?"

"நாங்க தெனம் சேலையோட பஸ்ஸு படியில தொங்கிக்கிட்டுதாண்ணே வரோம்" என்றாள் நாத்தனார். "ராக்கெட்டுல அவ்ளோ கூட்டம் இருக்காது."

"உடுப்பு போட்டுக்குவா" என்றேன். "நாலு உடம்பு இருக்குது. அதுல ஒண்ணுக்கு இவ தலைய வெச்சா ஆச்சு."

நல்லூர்ப் பெண்ணுக்கு ஒரு சந்தேகம். "அக்கா, மாசத்துல மூணு நாளு அந்த உடுப்புக்குள்ள என்னா பண்ணுவாங்க? எந்தக் கதையிலயும் எழுத மாட்டேங்கறாங்க."

மேஸ்திரி எழுந்தார். ஸ்டூலையும் எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மங்கலம்பேட்டை அக்கா மட்டும் சிரிக்கவில்லை. பொம்மையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இவளத் தூக்கிட்டு, உடுப்பு போட்டவள வெக்கப் போறியா?"

"தலையத்தானே கேக்கறேன்."

"நீங்க எல்லாம் போறவன் கதையே கேக்கறீங்க. அனுப்பிவெச்சுட்டு நிக்கிறா பாரு ஒருத்தி. வூட்டக் கட்டுனது அவ. புள்ளைங்களப் படிக்கவெச்சது அவ. மாமியாரக் கரையேத்துனது அவ. ஏர்போர்ட்டுல கையாட்டுனதோட அவ கதை முடிஞ்சுபோச்சா? இவ போவணும்னா போவட்டும். நிக்கிறவளத் தொரத்தாத."

அவர் சொன்னது சரி. எனக்கு அது தோன்றவில்லை.

"சரிக்கா. நிக்கிறவளும் இருக்கட்டும். தலைய மட்டும் கூடுதலா ஊத்திக்கிறேன். நாலு ஆம்பளைல ஒண்ண எடுத்துட்டு இவ போவட்டும்."

"அப்ப சரி" என்று பொம்மையைத் திருப்பி வைத்தார்.

மறுநாள் நாத்தனார் ஆரத்தித் தலைகள் நான்கைக் கூடுதலாக ஊற்றிக் கொடுத்தாள். யாரையும் கேட்கவில்லை.

ஆண் பொம்மைக்கு முகமும் தலைக்கவசமும் ஒரே அச்சு. நான் கவசத்தின் முன்பக்கத்தை ஜன்னல்போல அறுத்து ஆண் முகத்தை எடுத்தேன். அவள் தலையை உள்ளே வைத்துப் பார்த்தேன். கொண்டை இடித்தது.

கத்தியை எடுத்தேன்.

"கதையில முடிய வெட்டுனா சக்தி போயிடுதே அண்ணி" என்றாள் நாத்தனார்.

"இங்க வெட்டுனாதான் கவசம் மாட்டும்."

அறுத்தேன். கொண்டையைக் கூழ் வாளியில் போட்டேன். அது கரைந்து வேறு பொம்மை ஆகும். கொண்டை இருந்த இடத்தில் ஓட்டை. அதில் மண் வைத்து அடைத்தேன்.

தலையை ஒட்டும்போது இன்னொரு சங்கடம். அவள் கண் கீழே பார்த்தது. தட்டைப் பார்க்கச் செய்த கண். கையில் தட்டு இல்லாதபோது தன் காலையே பார்க்கிறவள் மாதிரி இருந்தது. கண்ணை மாற்ற எனக்குத் தெரியாது. கழுத்தைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து ஒட்டினேன். நிமிர்ந்துவிட்டாள். நேராகப் பார்த்தாள்.

பிறகு ஊசியால் கண்ணோரத்தில் இரண்டு கோடு கீறினேன். நாற்பது வயது ஆனது.

நான்கு பொம்மை. ஒட்டு தெரியவில்லை. எங்கே அறுத்தேன், எங்கே சேர்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அவ்வளவு சுத்தம். பதினோரு வருடமாக அதற்குத்தான் என்னை மேசையில் வைத்திருக்கிறார்கள்.

நன்றாகக் காயவிட்டு மற்ற சரக்கோடு சூளையில் வைத்தோம். மேஸ்திரி பார்த்தார். "என்னம்மா இது?" என்றார். "சாம்பிள்" என்றேன். விட்டுவிட்டார்.

சூளை திறந்த அன்று நான்கும் இல்லை. துண்டுகள்தான் இருந்தன. பக்கத்தில் நின்ற ராக்கெட்டுகளில் ஒன்பது உடைந்திருந்தன. ஒரு பொம்மையின் மூக்கு எங்கேயோ பறந்து போய் ஒரு பிள்ளையார் மடியில் கிடந்தது.

மேஸ்திரி அதை எடுத்து என் மேசையில் வைத்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை.

நான் துண்டுகளைப் பொறுக்கிப் பார்த்தேன். கழுத்துத் துண்டைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

உள்ளே வெற்றிடம் உள்ள பொம்மைக்கு எங்காவது ஒரு துளை வேண்டும். மண்ணில் மிச்சம் இருக்கும் ஈரம் சூட்டில் ஆவியாகும். அது வெளியே போக வழி வேண்டும். இல்லாவிட்டால் வெடிக்கும். இந்த ஆண் பொம்மைக்கு அடிப்பாகம் மூடியது. துளை கழுத்துக்குப் பின்னால், மூச்சுக்குழாய் மாட்டிய இடத்தில். யார் கண்ணுக்கும் படாது. கொண்டை போன இடத்தில் வைத்த மண், தலையைப் பின்னால் சாய்த்து ஒட்டியபோது அந்தத் துளையையும் அடைத்துவிட்டது. மண்ணையும் அங்கே கனமாக வைத்துவிட்டேன். கனமான மண்ணில் ஈரம் தங்கும்.

சுத்தமாக ஒட்டத் தெரியாதவளாக இருந்திருந்தால் எங்காவது ஒரு இடுக்கு இருந்திருக்கும். பொம்மை பிழைத்திருக்கும். என் கை சுத்தம்தான் அதை உடைத்தது.

நல்லூர்ப் பெண் மெதுவாகச் சொன்னாள். "அக்கா, பொண்ணுக்கு மூச்சு வுட எடம் குடுக்கலன்னா வெடிச்சிடுவான்னு இத ஒரு கதையா எழுதலாம்க்கா."

"எழுதறதுன்னா எழுது. இப்ப எனக்கு ஓட்டை எங்க போடறதுன்னு சொல்லு."

அதுதான் கேள்வி. அவள் தலை ஆண் தலையைவிடக் கொஞ்சம் பெரியது. பின்பக்கம் கவசத்தோடு ஒட்டிக்கொண்டது. பின்னால் துளை போட்டால் ஒட்டுக் கூழ் வழிந்து மூடிக்கொள்ளும். முன்னால்தான் போட வேண்டும்.

"மூக்குல" என்றாள் நாத்தனார்.

"சின்னது. உடைஞ்சிடும்."

"கண்ணுல."

"குருடியாயிடுவா."

மங்கலம்பேட்டை அக்கா பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வாயில போடு."

மூன்று பேரும் அவரைப் பார்த்தோம்.

"ஏன் பாக்கறீங்க? வாயி எதுக்கு இருக்குது?"

நாத்தனார் புதிதாக ஊற்றித் தந்த தலையில், வாயில் போட்டேன். மழுங்கின குச்சியால் உதடு நடுவில் குத்தி ஒரு சுற்றுச் சுற்றினேன். எள் அளவு. கொண்டை ஓட்டையை இந்தத் தடவை மெல்லிசாக மூடினேன். வாயில் உறிஞ்சுகுழலை வைத்து ஊதினேன். காற்று உள்ளே போனது. அடைப்பு இல்லை.

இப்போது அவள் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பவள் மாதிரி இருந்தாள். மற்ற மூன்று பேர் வாயும் மூடியிருந்தது.

அன்று முதலாளி வந்தார். மேஸ்திரி நடந்ததைச் சொல்லியிருந்தார். முதலாளி ஈரப் பொம்மையைக் கையில் எடுக்காமல் குனிந்து பார்த்தார்.

"ஏம்மா, வாயி தொறந்துருக்குது?"

நான் துளையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். மங்கலம்பேட்டை அக்கா முந்திக்கொண்டார்.

"பேசறாங்க சார்."

"யாருகிட்ட?"

"அந்த மூணு பேருகிட்ட. வழி சொல்றாங்க."

முதலாளி சிரித்துவிட்டார். போனில் படம் எடுத்துக் கடைக்கு அனுப்பினார். அங்கேயே நின்றார். நாங்கள் வேலை செய்வதுபோலக் கையை அசைத்துக்கொண்டிருந்தோம்.

பதில் வந்தது. படித்துச் சொன்னார். "நல்லா இருக்குதாம். ஆனா நாப்பதும் ஒரே மாதிரி இருக்கணுமாம். பாதி அப்படி, பாதி இப்படின்னா வேணாமாம். நாப்பதும் வரலன்னா பழைய மாதிரியே நாலு ஆம்பள வெச்சுக் குடுத்துடச் சொல்றாங்க."

மேஸ்திரி என்னைப் பார்த்தார்.

"சரக்கு போறதுக்கு முன்னாடி இன்னும் ஒரு சூளைதான் இருக்குது. நாலாவது ஆம்பளையும் நாப்பது ஊத்தி ரெடியா வெச்சுக்குவேன். உன்னுது நாப்பது முழுசா வந்தா அது போவும். முப்பத்தொம்போது வந்தாலும் குப்பைக்குத்தான்."

"சரிங்கண்ணே."

"குப்பைக்குப் போச்சுன்னா, கேக்காம செஞ்சதுக்கும் உடைஞ்ச ராக்கெட்டுக்கும் சேத்து நீ மேசைய வுட்டு எழுந்துக்கணும். பழையபடி பலகை தூக்கணும்."

நாத்தனார் என் முட்டியைப் பார்த்தாள்.

அவர் சொன்னதில் அநியாயம் இல்லை. முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"சரிங்கண்ணே" என்றேன் மறுபடியும். பயமாக இல்லை. தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது. தெரிந்த தப்பை நான் இரண்டாம் தடவை செய்வதில்லை.

நாற்பத்தாறு ஒட்டுவது என்று வைத்துக்கொண்டேன். என் வயதுக்காக இல்லை. சூளை வண்டியில் எனக்குக் கொடுத்தது இரண்டு தட்டு. ஒரு தட்டில் இருபத்துமூன்று நிற்கும்.

எட்டு நாள் வேலை. மற்ற தலைகளும் ஒட்ட வேண்டும், இதையும் ஒட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கொண்டை அறுப்பு, ஜன்னல் அறுப்பு, கழுத்துச் சாய்ப்பு, கண்ணோரக் கோடு, வாய்த் துளை. ஒவ்வொரு வாயிலும் ஊதிப் பார்த்தேன்.

அந்த எட்டு நாளும் நல்லூர்ப் பெண் போனில் எதையும் படிக்கவில்லை. "இவங்க கதைய நாமளே சொல்லலாம்க்கா" என்றாள். நாங்கள் சொல்லச் சொல்ல அவள் போனில் தட்டிக்கொண்டாள்.

முதலில் அவளுக்கு ஒரு வேலை வேண்டும் என்றேன். சும்மா போய்ச் சும்மா வரக் கூடாது.

"டாக்டரு" என்றாள் நல்லூர்ப் பெண்.

"எல்லாத்துலயும் டாக்டருதான்" என்றாள் நாத்தனார். "ஒட்டற வேல குடு. ராக்கெட்டுல எங்கனா விரிசல் வுட்டா ஒட்டணும் இல்ல?"

அப்படி ஆனது. ராக்கெட்டில் பழுது பார்க்கிறவள். வயது நாற்பத்தாறு. முட்டி வலி உண்டு. நிலாவில் கனம் கம்மி, முட்டி வலிக்காது என்று நல்லூர்ப் பெண் சொன்னாள். அது உண்மை என்றாள். பள்ளியில் படித்ததாம். எனக்கு அந்த இடம் பிடித்துப்போனது.

என்ன எடுத்துக்கொண்டு போவாள் என்று ஒரு நாள் முழுக்கப் பேசினோம். புளிச்சோறு மூன்று நாள் தாங்கும். மூன்று நாளுக்கு வேண்டிய துணி. இரண்டு ஜாக்கெட். தைலம்.

"போட்டோ எடுத்துக்குவாங்களா?" என்றாள் நல்லூர்ப் பெண். "புள்ளைங்க போட்டோ?"

"எடுத்துக்க மாட்டா" என்றார் மங்கலம்பேட்டை அக்கா. "போறவங்க எடுத்துக்கறதில்ல. நாமதான் பொட்டியில வெச்சு வுடறது."

ஸ்டூல் மறுபடியும் கதவோரத்துக்கு வந்திருந்தது. அங்கிருந்து குரல் வந்தது.

"காத்து எவ்ளோ நாளைக்கு இருக்குது?"

நாங்கள் திரும்பிப் பார்த்தோம். மேஸ்திரி கண் மூடித்தான் இருந்தார்.

"எதுக்குண்ணே?"

"ஆக்சிஜன். நாலு பேரு போறாங்க. எத்தன நாளைக்குப் பத்தும்? அதச் சொல்லாம வெறும் புளிச்சோறா கட்டறீங்க."

நல்லூர்ப் பெண் அதையும் சேர்த்துக்கொண்டாள். காற்றுக் குழாயில் விரிசல் விடுகிறது. மூன்று ஆண்களும் பயப்படுகிறார்கள். அவள் பயப்படவில்லை. ஒட்டுகிறாள். எவ்வளவு விட வேண்டும், எவ்வளவு அடைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

அவள் திரும்பி வர வேண்டுமா என்பதில் தகராறு. வரக் கூடாது, அங்கேயே இருக்கட்டும், நிம்மதி என்றாள் நாத்தனார். மங்கலம்பேட்டை அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"வரணும். வந்து சொல்லணும். இல்லன்னா அவன் சொல்றதுதான் கதை."

திரும்பி வந்தாள். ஆரத்தி எடுத்தவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "உக்காரு, சொல்லு" என்கிறாள். கதை அங்கே முடிகிறது.

நல்லூர்ப் பெண் அதைப் போனில் போட்டுவிட்டாள். எழுதியவர் பெயர் போடவில்லை. இரண்டு நாளில் யாரோ கேட்டிருந்தார்கள், ஹீரோ எப்போது வருவார் என்று. நாத்தனார் பதில் சொல்லச் சொன்னாள். "பஸ்ஸு பஞ்சர். வந்துக்கிட்டு இருக்காருன்னு போடு." அவள் போடவில்லை. இன்னொருவர் ஒரு வரி எழுதியிருந்தாராம். எனக்கும் நாற்பத்தாறு என்று மட்டும். அதை அவள் இரண்டு முறை படித்துக் காட்டினாள்.

வியாழக்கிழமை சூளை ஏற்றினோம். நானே அடுக்கினேன். ஒன்றை ஒன்று தொடாமல், வாய் எல்லாம் வெளிப்பக்கம் பார்க்க. இன்னும் இரண்டு தட்டில் மேஸ்திரியின் நாலாவது ஆண் நின்றான். வண்டியை உள்ளே தள்ளிக் கதவை மூடினார்கள்.

வெடித்தால் சத்தம் கேட்கும். மெல்லிய சத்தம்தான். தெரிந்தவர்களுக்குக் கேட்கும். அன்று முழுக்க ஏதாவது ஒரு காரணம் வைத்துச் சூளைப் பக்கம் போய் வந்தேன். மேஸ்திரியும் அங்கேதான் நின்றார்.  சத்தம் எதுவும் கேட்கவில்லை.

சுட்டு ஆற இரண்டு நாள். வீட்டில் நாத்தனார் கேட்டாள்.

"அண்ணி, வரலன்னா?"

"பலகை தூக்குவேன்."

"முட்டி?"

"வரும்டி. சாப்புடு."

சனிக்கிழமை காலை திறந்தார்கள். வண்டி வெளியே வந்தது. இன்னும் சூடு அடித்தது. நாங்கள் நான்கு பேரும் நின்றோம். மங்கலம்பேட்டை அக்கா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு வாய்க்குள் ஏதோ ஓதினார்.

முதல் பார்வையில் எல்லாம் நின்றன. துண்டு எதுவும் கிடக்கவில்லை. வெடிக்கவில்லை. அது போதாது. விரிசல் கிட்டே போனால்தான் தெரியும்.

மேஸ்திரி கையுறை போட்டுக்கொண்டார். "நானே எண்றேன்" என்றார். ஒவ்வொன்றாக எடுத்தார். விரலால் தட்டினார். முழுப் பொம்மை மணிபோலச் சத்தம் கொடுக்கும். விரிசல் விட்டது சொத்தென்று கேட்கும். நல்லதை வலப்பக்கப் பலகையில் வைத்தார். கெட்டதை இடப்பக்கம் வைத்தார்.

மேல் தட்டு. முதல் எட்டும் வலப்பக்கம் போயின. ஒன்பதாவது சொத்தென்றது. கழுத்தில் மயிரிழை விரிசல். இடப்பக்கம்.

பதினான்காவது. மூக்கு நுனி இல்லை. இடப்பக்கம்.

அதற்குப் பிறகு மேல் தட்டில் கெட்டது இல்லை. இருபத்தொன்று.

கீழ்த் தட்டு. இரண்டாவதில் கழுத்து போயிருந்தது. ஐந்தாவது ஒரு பக்கம் சாய்ந்து வளைந்திருந்தது. அது சூட்டின் கோளாறு, என் கோளாறு இல்லை. இருந்தாலும் இடப்பக்கம்தான்.

இடப்பக்கம் நான்கு. இன்னும் இரண்டு வரை தாங்கும். மூன்று போனால் மேசை போகும். நல்லூர்ப் பெண் என் கையைப் பிடித்தாள். அவள் கை ஈரமாக இருந்தது. நான் எடுத்துவிடவில்லை.

தட்டினார். மணி. தட்டினார். மணி. தட்டினார்.

பதினெட்டாவதைத் தட்டியபோது சத்தம் இரண்டுங்கெட்டானாக இருந்தது. மேஸ்திரி அதைக் காதருகே வைத்து மறுபடி தட்டினார். திருப்பிப் பார்த்தார். என்னிடம் நீட்டினார்.

"நீயே சொல்லு."

சூடு கையைச் சுட்டது. வெளிச்சத்துக்குத் திருப்பினேன். கவசத்தின் அடியில், ஒட்டில், ஒரு கோடு. அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. நான் ஒட்டிய இடம்.

இடப்பக்கம் வைத்தேன்.

"அண்ணி!" என்றாள் நாத்தனார்.

"விரிசல் விரிசல்தான்."

மேஸ்திரி மீதி ஐந்தை எடுத்தார். ஒவ்வொன்றாகத் தட்டினார். ஐந்தையும் ஒரே பக்கம் வைத்தார். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு வலப்பக்கப் பலகையை விரலால் தொட்டுத் தொட்டு முதலிலிருந்து எண்ணினார். முடித்ததும் இன்னொரு தடவை எண்ணினார்.

"அந்த ஆம்பளைங்கள எறக்கி ஓரமா வைங்க" என்று சூளைக்காரரிடம் சொன்னார். என் பக்கம் திரும்பினார்.

"எண்ணிக்கோம்மா."

எண்ணினேன்.

நாற்பத்தொன்று.